பள்ளிக்கூடத்துச் சோறும் தோட்டத்துப் பிள்ளைகளும்



நம் ஜெகதளாவில் மாலை நேரத்தில் வயதானவர்கள் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், பச்சைத் தேயிலை விலைக்கு அடுத்தபடியாக வருகிற பேச்சு ஒன்று உண்டு. "இலவசம் கொடுத்தே ஜனங்களைக் கெடுத்துவிட்டார்கள்" என்பதுதான் அது. காலையில் பள்ளியில் உப்புமாவும் பொங்கலும் போடத் தொடங்கிய பிறகு இந்தப் பேச்சு கொஞ்சம் கூடியிருக்கிறது. "வீட்டில் இல்லாத சோறா? பள்ளிக்கூடம் படிக்கிற இடமா, சாப்பிடுகிற இடமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. உழைத்து முன்னுக்கு வந்தவர்கள்தான். ஆனால் பள்ளிக்கூடத்துச் சோற்றுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் நம் மலைக்கும் பங்கு உண்டு. அரசு அலுவலகத்தில் அரிசிக் கணக்குப் பார்த்தவன் என்பதாலும், புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாம் என்று தோன்றியது.

முதலில் பிரான்சிலிருந்து தொடங்குகிறேன். பழைய படிப்பு விடாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளியில் ழூல் ஃபெரி என்ற அமைச்சரின் பெயரை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். 1881இல் ஆரம்பக் கல்வியை இலவசமாக்கியவர். 1882இல் அதைக் கட்டாயமாக்கியவர். வகுப்பில் இந்த இரண்டு ஆண்டுகளோடு பாடம் முடிந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த 1882ஆம் ஆண்டுச் சட்டத்தை முழுவதும் படித்தேன். பிள்ளைகள் கட்டாயம் பள்ளிக்கு வர வேண்டும் என்று சொல்லும் அதே சட்டத்தில், ஒவ்வோர் ஊரும் 'கேஸ் தேஸ் எக்கோல்' என்ற பள்ளி நிதி ஒன்றை வைத்தே ஆக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்குச் செருப்பு, துணி, புத்தகம், சாப்பாடு எல்லாம் அந்த நிதியிலிருந்து போனது. சம்பளம் வாங்காவிட்டால் மட்டும் பள்ளி இலவசம் ஆகிவிடாது என்பது அவர்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, நாடு கடந்து கெர்ன்சித் தீவில் இருந்த விக்தோர் உய்கோ, வாரம் ஒருமுறை ஏழைக் குழந்தைகளை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டு வந்தார்.

இங்கிலாந்துக்காரர்களுக்கு இது சற்றுத் தாமதமாகப் புரிந்தது. தென்னாப்பிரிக்கப் போருக்கு ஆள் எடுத்தபோது, வந்த இளைஞர்களில் பலர் சிறு வயதில் சரியான சாப்பாடு இல்லாமல் சிப்பாய் ஆகவே தகுதியில்லாமல் போனார்கள். பிறகு 1906இல் பள்ளிகளில் உணவு வழங்கச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

சட்டம் அவர்கள் நாட்டோடு நின்றது. 1920இல் சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு. பிள்ளைகள் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் போயிற்று. 1925இல் நின்றுவிட்டது. காரணம் கேட்டால் என்னைப் போன்ற குமாஸ்தாவுக்குச் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும். ஆரம்பக் கல்வி நிதியைச் சோற்றுக்குச் செலவிடக் கூடாது என்று தணிக்கைக் கண்ணோடு பார்த்து அரசாங்கம் தடை சொல்லிவிட்டது. கல்வி வேறு தலைப்பு, சோறு வேறு தலைப்பு. கோப்பில் அது சரியான குறிப்புத்தான். பிள்ளையின் வயிற்றில் அப்படி இரண்டு தலைப்புகள் இருப்பதில்லை.

எங்கள் புதுச்சேரியில் 1930இல் பிரெஞ்சு நிர்வாகம் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. மிகப் பின்னாளில், 2002இல், அங்கே காலையில் பிள்ளைகளுக்குச் சூடான பால் கொடுக்கும் திட்டமும் வந்தது.

இனி நம் மலைக்கு வருவோம்.

நீலகிரிக்குப் பள்ளிக்கூடம் புதிதல்ல. 1840களில், ஓய்வு பெற்ற ஆங்கிலேய அதிகாரி கசமேஜர் கேத்தியில் தங்கி, படகர் பிள்ளைகளுக்காகப் பள்ளி வைத்தார். அவருக்குப் பிறகு பாசல் மிஷனார் அதை நடத்தினார்கள். 1858இல் ஊட்டியில் லாரன்ஸ் பள்ளியும், அதே ஆண்டில் குன்னூரில் ஸ்டேன்ஸ் பள்ளியும் தொடங்கின. 1888இல் குன்னூர் புனித ஜோசப் பள்ளி. நூறு மைலுக்கு அப்பாலிருந்தும், கடல் கடந்தும் பிள்ளைகள் படிக்க வந்த மலை இது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். இன்று பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் லவ்டேல் லாரன்ஸ் பள்ளி, தொடங்கிய காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதி. தங்க இடம், போட்டுக்கொள்ளத் துணி, மூன்று வேளைச் சாப்பாடு, படிப்பு. அதை யாரும் இலவசம் என்று ஏளனம் செய்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

அதே மலையில், தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்கு என்ன இருந்தது? சமவெளியிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் இருந்தன. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும். கை வேகம் வந்ததும் கூடையை மாட்டிக்கொள்ளும். சுதந்திரத்துக்குப் பிறகு 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. நல்ல சட்டம். வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் எல்லாவற்றையும் தோட்ட முதலாளியின் பொறுப்பாக்கியது. பள்ளியைப் பற்றியும் அதில் ஒரு பிரிவு உண்டு. தொழிலாளர்களின் பிள்ளைகளில் 6 வயதுக்கும் 12 வயதுக்கும் இடைப்பட்டவர்கள் 25 பேருக்கு மேல் இருந்தால், அவர்களுக்குக் கல்வி வசதி செய்து தரும்படி முதலாளிக்கு விதி வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம்.

அதே சட்டத்தின் இன்னொரு பிரிவில், 12 வயது நிறையாத பிள்ளையைத் தோட்டத்தில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று இருந்தது. இரண்டு பிரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளிக்கு வகை செய்த வயது 12இல் முடிகிறது. வேலைக்கு அனுமதித்த வயதும் 12இல் தொடங்குகிறது. அஞ்சாம் வகுப்பு முடித்த பிள்ளை அடுத்த திங்கட்கிழமை எங்கே போகும் என்பதைச் சட்டமே எழுதி வைத்த மாதிரி ஆயிற்று. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோதுதான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள்! அதற்குள் ஒரு தலைமுறை கூடையை மாட்டிக்கொண்டு, அடுத்த தலைமுறையையும் பெற்றுவிட்டது.

1951 கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பேர். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரை நாள் பள்ளித் திட்டத்தால் எழுந்த கொந்தளிப்பும், 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சர் ஆனதும் உங்களுக்குத் தெரிந்தவை. காமராஜரும், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவும் சேர்ந்து பள்ளி இல்லாத ஊர்களுக்குப் பள்ளி கொண்டுபோனார்கள். பள்ளி வைத்தால் மட்டும் போதாது, மாடு மேய்க்கும் பிள்ளைக்கு மதியம் சோறு வேண்டும் என்று 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அன்று அது முழுக்க அரசுத் திட்டமாக இருக்கவில்லை. செலவில் ஒரு பங்கை ஊர்க்காரர்களே தர வேண்டும். நெல், கேழ்வரகு, விறகு, காய்கறி என்று ஊர் கொடுக்கும். மீதியை அரசு தரும்.

இதன் சிறப்பும் குறையும் ஒன்றுதான். ஊர் என்று ஒன்று இருக்கிற இடத்தில் அது நடந்தது. நம் ஹட்டிகளில் பெரியவர்கள் கூடிப் பேசினால் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வராமல் போகாது. ஆனால் லைன் வீட்டுக்கு ஊர் ஏது? அங்கே நிலம் துரையுடையது, வீடு துரையுடையது, மாசக் கடைசியில் கடைக்காரர் கடனும் போகக் கையில் மிஞ்சுவது கொஞ்சம். கொடுக்க ஊர் இல்லாத இடத்துப் பிள்ளைக்குத்தான் சோறு அதிகம் தேவைப்பட்டது. 1961 முதல் 'கேர்' என்ற அமெரிக்க அமைப்பின் பால் பவுடரும், மக்காச்சோள மாவும், எண்ணெயும் வந்தபோது கொஞ்சம் சமன் ஆயிற்று. அந்த மஞ்சள் உப்புமாவின் வாசனையை என் வயதுக்காரர்கள் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் நம் மலைக்குப் புதிய பிள்ளைகள் வந்தார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து வண்டி பிடித்து வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. பின்னாளில் அதுவே டான்டீ கழகம் ஆயிற்று. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கமெல்லாம் அவர்கள் குடியேறினார்கள். கழக வேலை கிடைக்காதவர்கள் தனியார் தோட்டங்களிலும் சிறு விவசாயிகளிடமும் கூலிக்குப் போனார்கள்.

அரசுத் தாளில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. நம் கடைவீதியில் வெறும் 'சிலோன்காரர்கள்'. கோதுமை ரொட்டியும் சம்பலும் அவர்கள் சாப்பாடு. குழந்தைக் காப்பகத்தைப் 'பிள்ளை மடுவம்' என்பார்கள். அங்கே நாலாம் வகுப்பு படித்த பிள்ளை, இங்கே வந்து சேர்வதற்குள் ஓராண்டு, இரண்டாண்டு போய்விடும். சான்றிதழ் பெட்டியில் நனைந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. வயது பத்து, வகுப்பு இரண்டு. இப்படிப்பட்ட பிள்ளை பள்ளியில் எத்தனை நாள் உட்காரும்? அந்தப் பிள்ளையைப் பெஞ்சில் உட்கார வைத்ததில் மதியச் சோற்றுக்குப் பங்கு உண்டு என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் கிராமங்களில், 2 வயதிலிருந்து தொடக்கப் பள்ளி வயது வரை. செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. 1984 செப்டம்பரில் 15 வயது வரை நீண்டது. பழைய திட்டத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு, ஊரின் பங்கை எதிர்பார்க்கவில்லை என்பதுதான். லைன் வீட்டுப் பிள்ளைக்கும் ஹட்டிப் பிள்ளைக்கும் ஒரே அளவு. கவர்ச்சித் திட்டம், கஜானா காலி ஆகிவிடும் என்று படித்தவர்கள் எழுதினார்கள். எங்கள் அலுவலகத்திலும் அதே பேச்சுத்தான்.

அப்போது நான் ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். பிரெஞ்சில் படித்துவிட்டு வந்ததால் தமிழில் குறிப்பு எழுதவே பணியில் சேர்ந்த பிறகுதான் பழகினேன். நான் அதிகம் எழுதிய தமிழ்ச் சொற்கள் 'அரிசி', 'பருப்பு', 'எண்ணெய்', 'இருப்பு' ஆகியவைதான் என்று என் மனைவி கேலி செய்வாள். ஒரு பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி. 63 பிள்ளைகள் சாப்பிட்டால் 6 கிலோ 300 கிராம். ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. சமவெளியில் இருப்பவர்களுக்கு மலைச் சமையலறையின் பாடு தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் விறகு நனைந்து பிடிக்காது. புகையில் கண் எரியும். சாலையில் மண் சரிந்தால் லாரி வராது. ரோட்டோரத்திலிருந்து பள்ளி வரை மூட்டையைத் தலையில் சுமந்துதான் கொண்டுபோக வேண்டும். அந்தப் பெண்கள் சுமந்தார்கள்.

அந்தப் பதிவேடுகளை மாதாமாதம் பார்த்ததில் எனக்குப் புரிந்தவை சில உண்டு. திங்கட்கிழமை சாப்பிட்டவர் எண்ணிக்கை மற்ற நாட்களைவிடக் கூடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன நடந்தது என்பதை அது சொல்லும். கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகளின் வருகை குறையும். அம்மா கூடுதல் கிலோவுக்காக இருட்டும் வரை பறிப்பாள். தம்பி தங்கையைப் பார்க்க ஆள் வேண்டும். அங்கன்வாடியில் சின்னதுகளுக்கும் சோறு உண்டு என்று ஆன பிறகு, அக்காக்கள் இடுப்புப் பிள்ளையை அங்கே இறக்கிவிட்டுப் பள்ளிக்கு வந்தார்கள். சோறு பிள்ளையை மட்டும் இழுத்து வரவில்லை, அக்காவையும் விடுவித்தது. இதைத் திட்டம் போட்டவர்கள் நினைத்தார்களோ இல்லையோ, பதிவேட்டில் தெரிந்தது.

ஒரு பக்கம் மட்டும் சொன்னால் நியாயம் ஆகாது. புழுத்த அரிசி வந்த மாதங்களும் உண்டு. எடை குறைந்த மூட்டைகளும் உண்டு. சாப்பிடும் பிள்ளை, சாப்பிடாத பிள்ளை என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து, தட்டு எடுத்துக்கொண்டு போக வெட்கப்பட்ட பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். கலைஞர் ஆட்சியில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, 2010க்குள் வாரம் ஐந்து முட்டை ஆயிற்று. முட்டை வந்த பிறகு அந்த வெட்கம் பாதி போயிற்று என்பது என் கணிப்பு. முட்டைக்கு யாருக்குத்தான் ஆசை இல்லை? பின்னர் ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதமும் மசாலா முட்டையும் வந்தன. தில்லியும் மெல்லத் திரும்பியது. 1995இல் மத்திய அரசு தேசிய அளவில் திட்டம் தொடங்கியபோது, பல மாநிலங்கள் மாதம் 3 கிலோ தானியத்தைக் கையில் கொடுத்து அனுப்பின. சமைத்த உணவுதான் கொடுக்க வேண்டும் என்று 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் சமையலறைகளில் பத்தொன்பது ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்த அடுப்பு அப்போது நாடு முழுவதற்கும் முன்மாதிரி ஆயிற்று.

நாமெல்லாம் சிறு விவசாயிகள், நமக்கும் இதற்கும் என்ன என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு நினைவூட்டல். 1998க்குப் பிறகு பச்சைத் தேயிலை விலை விழுந்த ஆண்டுகளை மறந்திருக்க மாட்டீர்கள். பறிகூலிக்கே கட்டாது என்று செடியில் விட்டவர்கள் எத்தனை பேர்! அந்த ஆண்டுகளில் ஆங்கிலப் பள்ளிக்குச் சம்பளம் கட்ட முடியாமல், சத்தமில்லாமல் அரசுப் பள்ளிக்கு மாறிய பிள்ளைகள் நம் ஹட்டிகளிலும் உண்டு. அவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு வீட்டில் யாரும் இலவசம் கெடுத்துவிட்டது என்று சொல்லவில்லை.

சோறு எல்லாவற்றையும் செய்துவிட்டதா என்றால், இல்லை. 2011 கணக்கில் நீலகிரியில் எழுத்தறிவு 85 விழுக்காடு, மாநிலத்தில் 80. பெருமைதான். ஆனால் தோட்டத்துப் பிள்ளை அஞ்சாம் வகுப்பைத் தாண்டி உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டுமானால், காட்டெருமை நிற்கும் பாதையில் மைல் கணக்கில் நடக்க வேண்டும். கடைசிப் பேருந்து போய்விட்டால் அன்றைய டியூஷன் இல்லை. பதினோராம் வகுப்பில் இலவச சைக்கிள் தருகிறார்கள். நம் மேட்டில் அதைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்று பிள்ளைகளே சிரிக்கிறார்கள். மலைப் பிள்ளைகளுக்கு என்று கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் கொடுக்கத் தொடங்கியது அதைவிடப் பொருத்தமான காரியம். கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறார்கள். ஒரு பெண் விடுதிக் கட்டணத்துக்கு வீட்டில் கையேந்தாமல் இருக்க அது உதவுகிறது. படகர் சமுதாயத்தில் முதல் பட்டதாரிப் பெண் என்று பெயர் பெற்ற அக்கம்மா தேவி 1962இல் நம் தொகுதி எம்.பி. ஆனார். லைன் வீட்டிலிருந்து அப்படி ஒரு பெண் வர வேண்டாமா?

காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 1,545 பள்ளிகளில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. தோட்டத்தில் அம்மாவுக்குக் காலை ஏழரைக்கெல்லாம் பெயர் போட வேண்டும். அவள் கிளம்பும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். மூடி வைத்த கறுப்புத் தேநீரைக் குடித்துவிட்டு மதியம் வரை இருந்த பிள்ளைகள்தான் இவர்கள். "வீட்டில் இல்லாத சோறா?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். அரிசி இருக்கலாம், அந்த நேரத்தில் ஆக்கிப் போட வீட்டில் ஆள் இல்லை.

இன்று எனக்குக் கவலை வேறு. தட்டுகள் குறைகின்றன. நம் பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் வேனில் ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறார்கள். பத்து, பன்னிரண்டு பிள்ளைகளோடு நிற்கும் தொடக்கப் பள்ளிகள் எத்தனையோ. அந்தப் பத்துப் பேர் யார் என்று பார்த்தால், பாதிப் பேர் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் கொழுந்து பறிக்க வந்தவர்களின் பிள்ளைகள். 1970இல் சிலோன்காரப் பிள்ளை உட்கார்ந்த அதே பெஞ்சில் இப்போது அவர்கள் உட்கார்ந்து 'அ, ஆ' எழுதுகிறார்கள். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி. அது எப்படி இருக்கும் என்று படகர் வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரியும், பிரெஞ்சு வாத்தியாரிடம் படித்த எனக்கும் தெரியும். முதல் ஆறு மாதம் வாத்தியார் சொல்வதில் ஒன்றும் புரியாது. மணி அடித்ததும் எல்லோரும் எங்கே ஓடுகிறார்கள் என்பது மட்டும் முதல் நாளே புரிந்துவிடும்.

பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி எதற்கு, பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாமே என்று யாராவது கோப்பு எழுதுவார்கள். நானும் இருபத்தெட்டு வருடம் கோப்பு எழுதியவன்தான். சமவெளியில் பக்கத்துப் பள்ளி ஒரு கிலோமீட்டர். இங்கே அது ஒரு பள்ளத்தாக்கு. அந்தக் கோப்பு வரும் நாளில் நம் ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கூடத்தின் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதில் சாப்பிடும் பிள்ளை நம் பிள்ளை இல்லையென்றாலும்.